'மோர் பெட்டர்' ஏன் வாயில் வருகிறது?

(பழைய மாணவர் சந்திப்பின் காலை அமர்வில், இந்நாள் மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் திண்டிவனத்துக்காரன். வேலை பார்த்தது பெரும்பாலும் விழுப்புரத்தைச் சுற்றியுள்ள பள்ளிகளில், ஆங்கில ஆசிரியராக. சங்கச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "சார், பழைய கதையெல்லாம் மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் பேசிக்கலாம், காலையில பசங்களுக்குப் பிரயோஜனமா ஏதாவது சொல்லுங்க" என்றார். எனக்குத் தெரிந்த பிரயோஜனம் இலக்கணம் ஒன்றுதான். அதிலும் ஒரு சின்ன மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பிக், பிக்கர், பிக்கஸ்ட். பள்ளிக்கூடத்தில் 'டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன்' என்று படித்தோமே, அது.

"இதென்ன, ஏழாம் வகுப்புப் பாடம்!" என்று முன்வரிசையில் சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இந்த ஏழாம் வகுப்புப் பாடம் பட்டம் வாங்கிய பிறகும் நம் பிள்ளைகளைத் துரத்துகிறது. ஒலக்கூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து படித்த பெண், கணிதத்தில் முதல் வகுப்பு, வீட்டில் முதல் பட்டதாரி. சென்னையில் ஒரு நிறுவனத்தில் நேர்முகத் தேர்வுக்குப் போனாள். கணக்கில் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டாள். கடைசியாக, "மற்றவர்களை விட்டுவிட்டு உன்னை ஏன் எடுக்க வேண்டும்?" என்று கேட்டார்கள். "ஐ ஆம் மோர் பெட்டர் தன் அதர்ஸ்" என்றாள். எதிரே இருந்தவர்களில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தாராம். அதற்கப்புறம் அவளுக்கு வார்த்தையே வரவில்லை. திரும்பி வந்து என்னிடம் கேட்டாள்: "சார், மோர்னா இன்னும், பெட்டர்னா நல்லது. 'இன்னும் நல்லா' அப்படின்னுதானே சொன்னேன்? இதுல என்ன சிரிப்பு?"

நியாயமான கேள்வி. அவள் நினைத்தது தமிழில் நினைத்தது. தமிழில் அதில் ஒரு குற்றமும் இல்லை. இப்போது கைபேசியில் எழுதினால் அதுவே திருத்திக் கொடுத்துவிடுகிறது. நேர்முகத் தேர்வில் நம் வாய்க்கு அப்படி ஒரு வசதி கிடையாது. அதனால் இந்தத் தவறு எங்கிருந்து பிறக்கிறது என்று பார்ப்போம். பிறந்த இடம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

திண்டிவனத்தைவிட விழுப்புரம் பெரியது. இந்த வாக்கியத்தைச் சொன்னால் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கோபம் வரும். என்ன செய்வது, 2011 கணக்கெடுப்பில் விழுப்புரத்தில் ஏறத்தாழ 96 ஆயிரம் பேர், திண்டிவனத்தில் 72 ஆயிரத்துச் சொச்சம். 1993இல் தென்னார்க்காடு மாவட்டத்தைப் பிரித்தபோது தலைநகர் பதவியும் அங்கே போய்விட்டது. ரயிலிலும் நம்மால் போட்டி போட முடியாது. அது சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து திசைக்குப் பாதை பிரிகிற ஜங்ஷன். ஆகவே பெரியதுதான், ஒப்புக்கொள்வோம்.

இந்த வாக்கியத்தில் 'பெரியது' என்ற சொல்லைக் கவனியுங்கள். 'விழுப்புரம் பெரியது' என்று தனியாகச் சொன்னாலும் பெரியது. 'திண்டிவனத்தைவிட விழுப்புரம் பெரியது' என்றாலும் அதே பெரியது. 'மாவட்டத்திலேயே விழுப்புரம்தான் பெரியது' என்றாலும் அதே பெரியது. சொல் உடம்பில் ஒரு மாற்றமும் இல்லை. ஒப்பிடுகிற வேலை முழுவதையும் பக்கத்து ஊரின் பெயர்தான் சுமக்கிறது: திண்டிவனத்தை-விட. ஆங்கிலத்தில் இரண்டு இடத்தில் அடையாளம் வைக்கிறார்கள். தோற்ற ஊருக்கு முன்னால் 'தன்' என்று ஒன்று. ஜெயித்த பண்புச் சொல்லின் வாலில் 'அர்' என்று இன்னொன்று. விழுப்புரம் இஸ் பிக்கர் தன் திண்டிவனம்.

நம் பிள்ளை தமிழ் வாக்கியத்தைத் துண்டு துண்டாக மாற்றும்போது 'விட' என்பதற்குத் 'தன்' கிடைத்துவிடுகிறது. 'பெரியது' என்பதற்கு 'பிக்' கிடைத்துவிடுகிறது. வாலில் ஒட்ட வேண்டிய 'அர்' என்பதற்குத் தமிழில் எந்தத் துண்டும் இல்லை. ஆகவே முதலில் வருகிற தவறு 'விழுப்புரம் இஸ் பிக் தன் திண்டிவனம்'. வாத்தியார் அதைச் சிவப்பு மையில் அடிக்கிறார். "கம்பாரட்டிவ் எங்கேடா?" என்கிறார். பிள்ளைக்குப் பயம் வருகிறது. அடுத்த முறை எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் போட்டுவிடுகிறான்: மோர் பிக்கர், மோர் பெட்டர். போதாததற்கு 'இன்னும்' என்ற நம் சொல் 'மோர்' என்று வந்து முன்னால் உட்கார்ந்துகொள்கிறது. சோம்பேறிப் பையன் செய்யும் தவறு இல்லை இது. கவனமாக இருக்க முயல்கிற பையன் செய்கிற தவறு. ஆசிரியர்களாக இருக்கும் நம் பழைய மாணவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவை எடுக்க வேண்டும்.

இதை ஒரு குறையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். ஆங்கிலத்திலும் அதன் உறவு மொழிகளிலும் பண்புச் சொல்லோடு ஒட்டுகிற ஒப்பீட்டு விகுதி திராவிட மொழிகளில் கிடையாது, இவை வேறு வழியில் ஒப்பிடுகின்றன என்று அதிலேயே எழுதிவிட்டார். நம் பவணந்தி முனிவர் அதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஐந்தாம் வேற்றுமைக்குச் சொன்ன நான்கு பொருள்களை நீங்கள் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பீர்கள்: நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது. ஆக நம் இலக்கணத்தில் ஒப்பிடுவது பெயர்ச்சொல்லின் உருபு செய்கிற வேலை. இரண்டு மொழியும் ஒரே சுமையை வேறு வேறு தோளில் தூக்குகின்றன.

அந்த 'விட' என்ற சொல்லும் எனக்கு ரொம்பப் பிடித்த சொல். 'விடு' என்ற வினையிலிருந்து வந்தது. திண்டிவனத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் விழுப்புரம் பெரிது. 'காட்டிலும்' என்பதில் 'காட்டு' இருக்கிறது. கிராமத்தில், "அவனப் பாக்க இவன் கெட்டிக்காரன்" என்பார்கள். அதில் 'பார்' இருக்கிறது. விடுவது, காட்டுவது, பார்ப்பது! இரண்டு மாட்டைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி விலை பேசுகிற மாதிரி நம் மொழி ஒப்பிடுகிறது. இன்னொன்றும் உண்டு. காய்ச்சலில் படுத்தவரிடம் "எப்படி இருக்கு?" என்றால், "நேத்திக்கு இன்னிக்குத் தேவலை" என்பார். 'பெட்டர்' என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியாது. அந்தத் 'தேவலை'க்கு முன்னால் யாரும் 'இன்னும் அதிகமாக' என்று சேர்க்க மாட்டார்கள். 'பெட்டர்' என்று சொல்ல வரும்போது மனத்துக்குள் 'தேவலை' என்று நினைத்துக்கொள்ளுங்கள். 'மோர்' தானாக ஓடிப்போகும். அந்தப் பெண்ணுக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

பெட்டரை இன்னும் அழுத்திச் சொல்ல ஆசையாக இருந்தால் 'மச் பெட்டர்' என்று சொல்லலாம், 'எ லிட்டில் பெட்டர்' என்று சொல்லலாம். 'வெரி பெட்டர்' கூடாது. 'வெரி'க்கு வால் முளைக்காத சொல்தான் வேண்டும்: வெரி குட், வெரி பிக்.

அடுத்த குழப்பம் நம் 'மிக'வால் வருவது. 'மிகப் பெரிய வெற்றி' என்றால் ரொம்பப் பெரிய வெற்றி. 'உலகின் மிகப் பெரிய கடல்' என்றால் எல்லாவற்றிலும் பெரியது, வேறு போட்டியே இல்லை. ஒரே 'மிக' இரண்டுக்கும் வருகிறது. ஆங்கிலத்தில் முதலாவது 'வெரி பிக்', இரண்டாவது 'தி பிக்கஸ்ட்'. இரண்டையும் பிரிக்கத் தெரியாமல் பிள்ளைகள் 'வெரி பிக்கஸ்ட்' என்று எழுதுகிறார்கள். இதற்கு வழி பேச்சுத் தமிழில் இருக்கிறது. 'மிக' என்பதை மறந்துவிட்டு, அந்த இடத்தில் '-லேயே' போட முடிகிறதா என்று பாருங்கள். 'வகுப்பிலேயே உயரமான பையன்', 'இருக்கிறதுலேயே பெரிசு'. போட முடிந்தால் அது மூன்றாம் படி. 'எஸ்ட்' சேர்க்க வேண்டும், முன்னால் 'தி' கட்டாயம். தி டாலஸ்ட் பாய் இன் தி கிளாஸ். தமிழாசிரியர்கள் சொல்லிக்கொடுத்த பிரிநிலை ஏகாரம் இருக்கிறதே, அது செய்கிற வேலையைத்தான் இங்கே ஆங்கிலத்தின் 'தி' செய்கிறது. எங்கள் பள்ளியில் 'லேயே வந்தா தி' என்று பிள்ளைகள் பாட்டாகவே சொல்வார்கள்.

செஞ்சிக்குப் போகாதவர்கள் இந்த அவையில் இருக்க மாட்டீர்கள். அங்கே மூன்று குன்றுகள். கிருஷ்ணகிரி இஸ் ஹை. ராஜகிரி இஸ் ஹையர் தன் கிருஷ்ணகிரி. ராஜகிரி இஸ் தி ஹையஸ்ட் ஆஃப் தி த்ரீ. ராஜகிரியில் ஏறி மூச்சு வாங்கியவனுக்கு இந்த மூன்று படியும் மறக்காது. விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் வழியில் மண்டகப்பட்டு இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் கல்லில் எழுதி வைத்த குடைவரை. இதைச் சொல்ல 'ஒன் ஆஃப் தி ஓல்டஸ்ட் கேவ் டெம்பிள்ஸ்' என்று டெம்பிளுக்குப் பன்மை போட வேண்டும். பலர் 'டெம்பிள்' என்று ஒருமையில் நிறுத்திவிடுகிறார்கள். இந்த இடத்தில் தமிழைப் பின்பற்றினாலே சரியாக வந்துவிடும்: 'பழைமையான கோயில்களில் ஒன்று'. அந்தக் 'கள்'ளை அப்படியே கொண்டுபோங்கள்.

எந்தச் சொல்லுக்கு வால், எந்தச் சொல்லுக்கு 'மோர்' என்று கேட்பீர்கள். சொல்லை வாயில் சொல்லிக் கையைத் தட்டிப் பாருங்கள். பிக், டால், ஹாட் எல்லாம் ஒரு தட்டு, வால் போடுங்கள். பியூ-டி-ஃபுல் மூன்று தட்டு, மோர் போடுங்கள். நடுவில் இரண்டு தட்டுச் சொற்களில்தான் தகராறு. ஹாப்பி, ஈஸி, பிஸி மாதிரி ஒய் எழுத்தில் முடிந்தால் அந்த ஒய்யை ஐ ஆக்கி வால்: ஹாப்பியர், ஈஸியர். கேர்ஃபுல், ஃபேமஸ் போன்றவற்றுக்கு மோர். கிளவர், சிம்பிள், நேரோ போன்ற சில இரண்டு பக்கமும் போகும். யாப்பிலக்கணத்தில் அசை பிரித்த பழக்கம் இங்கே கொஞ்சம் கைகொடுக்கும். ஆனால் நம் நிரையசையில் இரண்டு உயிர் சேர்ந்து ஓர் அசையாக வரும். ஆங்கிலத்தில் அதை இரண்டாக எண்ண வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம். எழுதும்போது பிக்கருக்கு இரண்டு ஜி, ஹாட்டருக்கு இரண்டு டி. குட், பெட்டர், பெஸ்ட். பேட், வர்ஸ், வர்ஸ்ட். இவற்றுக்குச் சூத்திரம் கிடையாது, மனப்பாடம்தான்.

ஆங்கிலேயர்களே எப்போதும் இந்த விதியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்காதீர்கள். ஷேக்ஸ்பியர் காலத்தில் 'மோர்' என்பதும் 'அர்' என்பதும் சேர்ந்து வருவது சாதாரணம். ஜூலியஸ் சீசர் நாடகத்தில் சீசரின் பிணத்தருகே ஆண்டனி பேசுகிறானே, அந்தப் பேச்சிலேயே 'மோஸ்ட்' என்பதும் 'எஸ்ட்' என்பதும் ஒரே சொல்லில் வந்து நிற்கின்றன. நாங்கள் பாடமாகப் படித்த பேச்சு அது. அழுத்திச் சொல்வதற்கு அன்றைக்கு அது அழகு. பிற்கால இலக்கணக்காரர்கள் அதைத் தவறு என்று ஒதுக்கினார்கள். அதற்காக நேர்முகத் தேர்வில் போய், "ஷேக்ஸ்பியரே சொல்லியிருக்கிறார்" என்று வாதாட வேண்டாம், வேலை கிடைக்காது.

இன்னொரு வகைத் தவறு இதைவிட அதிகம், பேசுவோர் குறைவு. 'ஹி இஸ் வெரி ஹைட்', 'ஷி இஸ் வெரி டேலன்ட்', 'ஐ ஆம் ஃபுல் டென்ஷன்'. தமிழில் 'அவன் நல்ல உயரம்', 'அவள் ரொம்பத் திறமை' என்று பெயர்ச்சொல்லையே பயனிலையாக வைத்துவிடலாம். பெயர், வினை, இடை, உரி என்று நான்கு சொல் வகை வைத்த நம் பழைய இலக்கணத்தில் 'பெயரடை' என்று தனிப்பெட்டி இல்லை. நல்ல, பெரிய, சின்ன, புதிய என்று கொஞ்சம் சொற்கள் போக, மீதிக்கு 'ஆன' சேர்த்தால் போதும்: அழகு, அழகான, உயரம், உயரமான. ஆங்கிலத்தில் பண்புப் பெயருக்கு ஒரு சொல், அடைக்கு வேறு சொல். ஹைட் என்றால் உயரம், டால் என்றால் உயரமான. டேலன்ட், டேலன்டட். ஸ்ட்ரெங்த், ஸ்ட்ராங். 'ஆன' போட வேண்டிய இடமா என்று ஒரு நொடி கேட்டுக்கொள்ளுங்கள். போரிங், போர்ட் இரண்டும் அப்படியே. பாடம் போரிங், கேட்கிறவன் போர்ட். "ஐ ஆம் இன்டரஸ்டிங் இன் திஸ் ஜாப்" என்று சொன்னால், 'நான் ஒரு சுவாரசியமான ஆள்' என்று நீங்களே சான்றிதழ் கொடுத்துக்கொள்கிறீர்கள். இன்டரஸ்டட் என்று சொல்ல வேண்டும்.

நம் குடும்பத்துக்குள் நடக்கும் ஒப்பீட்டையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் பிரதர் என்றால் அண்ணனா தம்பியா தெரியாது. எல்டர், யங்கர் என்று ஒப்பீட்டுச் சொல் ஒட்ட வேண்டியிருக்கிறது. நமக்கு அந்தச் சிரமம் இல்லை; அண்ணன், தம்பி, அக்கா, தங்கை என்ற சொல்லுக்குள்ளேயே ஒப்பீடு அடங்கிவிட்டது. பெரியப்பாவில் இருக்கும் 'பெரிய' ஆள் பருமனைச் சொல்வதில்லை. அப்பாவைவிட மூத்தவர் என்று பொருள். 'அர்' இல்லாமலேயே ஒப்பிட்டுவிட்டோம். அதனால்தான் எல்டர், ஓல்டர் இரண்டிலும் தடுமாறுகிறோம். 'மை எல்டர் பிரதர்' சரி. 'ஹி இஸ் எல்டர் தன் மீ' என்று சொல்லாதீர்கள்; அங்கே ஓல்டர்.

விகுதியே இல்லாத நம் மொழிக்குள் வடமொழி வழியாகச் சில விகுதிகள் வந்து குடியேறியிருக்கின்றன. இலங்கைத் தமிழர்கள் சீனியர் லெக்சரரைச் 'சிரேஷ்ட விரிவுரையாளர்' என்பார்கள், ஜூனியருக்குக் 'கனிஷ்ட'. அந்த 'இஷ்ட' என்ற வாலும் ஆங்கிலத்தின் 'எஸ்ட்' என்ற வாலும் ஒரே மூதாதையின் பிள்ளைகள். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவருக்கு இதைச் சொன்னபோது, "அப்ப நாங்கள் சூப்பர்லேட்டிவை ஆங்கிலம் படிக்க முன்னமே படிச்சிட்டம்" என்றார்.

பள்ளித் தேர்வில் டிகிரி மாற்றச் சொல்லி ஒரு கேள்வி வருமே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. 'நோ அதர்' என்று ஆரம்பித்து, 'வெரி ஃப்யூ' என்று ஆரம்பித்து, ஒரே செய்தியை மூன்று விதமாகத் திருப்பிப் போடும் வித்தை. அதில் முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் பலருக்கு, டீக்கடையில் "இது அதைவிடச் சூடு" என்று ஆங்கிலத்தில் சொல்ல வராது. கண்ணெதிரே இரண்டு பொருளை வைத்து வாயால் ஒப்பிடச் சொல்லாமல், பேப்பரில் மட்டும் திருப்பிப் போடச் சொன்னதன் விளைவு என்பது என் கருத்து. அந்தப் பயிற்சியில் எனக்குப் பிடித்த ஒரே சொல் 'அதர்'. விழுப்புரம் இஸ் பிக்கர் தன் எனி அதர் டவுன் இன் தி டிஸ்ட்ரிக்ட். அந்த அதரை விட்டால் விழுப்புரம் தன்னைவிடவே பெரியதாகிவிடும்.

'படிக்கப் படிக்க', 'போகப் போக' என்று நாம் அடுக்கிச் சொல்வதற்கும் ஆங்கிலத்தில் ஒப்பீடுதான் வேண்டும்: 'தி மோர் யூ ரீட், தி பெட்டர் யூ ரைட்'. படிக்கப் படிக்க எழுத்து தேறும். இரண்டு பக்கமும் 'தி' வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதை நம் இரட்டிப்பு என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

கடைசியாக இந்த விழாவுக்கே உரிய ஒரு சொல். காலையிலிருந்து பதிவு மேசையில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்: "ஹி இஸ் டூ இயர்ஸ் சீனியர் தன் மீ." சீனியர், ஜூனியர் இரண்டும் லத்தீனில் ஏற்கெனவே ஒப்பீட்டுச் சொற்கள். மூத்தவர், இளையவர் என்றே பொருள். சுப்பீரியர், இன்ஃபீரியரும் அதே குடும்பம். இவற்றுக்குப் பின்னால் 'தன்' வராது, 'டு' வரும். சீனியர் டு மீ. தமிழிலும் "எனக்கு ரெண்டு வருஷம் சீனியர்" என்றுதானே சொல்கிறோம்? அந்தக் 'கு' உருபை அப்படியே 'டு' ஆக்கினால் சரி.

சீனியர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்து அமர்கிறேன். இறுதியாண்டு மாணவர்கள் பலர் மயிலம், மரக்காணம், விக்கிரவாண்டிப் பக்கத்திலிருந்து பஸ்ஸிலும் பாசஞ்சர் ரயிலிலும் வருகிறவர்கள். வீட்டில் ஆங்கிலத்தில் பேசிப் பார்க்க ஆள் கிடையாது. மாதம் ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம், நேர்முகத் தேர்வு நடத்துவதுபோல எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்க ஆட்கள் வேண்டும். வங்கியில், ரயில்வேயில், கம்பெனியில் ஆள் எடுத்த அனுபவம் உள்ளவர்கள் வந்தால் இன்னும் நல்லது. தவறாகச் சொன்னால் சிரிக்காமல் திருத்துபவராக இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. பெயர் எழுத நோட்டு பதிவு மேசையில் இருக்கிறது. இப்போதைக்கு அதில் என் பெயர் மட்டும் இருக்கிறது.